உளப்பகுப்பாய்வு அறையின் இரகசியம்: புதிதாகத் தொழிலுக்கு வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

வியன்னாவில், பேச்சின் வழியாக மனத்தை ஆராய்ந்து சிகிச்சையளிக்கும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டின் ஆலோசனை அறைக்கும் காத்திருப்பு அறைக்கும் இடையே இரட்டைக் கதவு இருந்தது. ஓசை கசியாமல் இருக்க அதற்குத் தடித்த கம்பளி உறையும் போட்டிருந்தார்கள். 1916-17இல் நிகழ்த்திய அறிமுகச் சொற்பொழிவுகளில் ஒன்றில் ஃபிராய்ட் அந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறார். வெளியே யாரும் காத்திராத நாள்களில் உள்ளே வருபவர்கள் இரண்டு கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு வருவார்களாம். வேறொருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒருவரும் கதவைச் சாத்த மறப்பதில்லையாம். அவர் இதைச் சொன்னது மறதிக்குள் ஒளிந்திருக்கும் பொருளைக் காட்டுவதற்காக. ஆனால் புதிதாக ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சாய்விருக்கை ஒன்றை வாங்கிப் போட்டுத் தொழில் தொடங்குபவர் இதிலிருந்து வேறொன்றையும் கற்றுக்கொள்ளலாம். தன் பேச்சு எவர் காதில் விழும் என்ற கணக்கை வருபவர் ஒவ்வொரு நாளும் போடுகிறார். அந்தக் கணக்கில் ஐயம் விழும் நாளில் அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிறார்.

மருத்துவரும் வழக்கறிஞரும்கூட இரகசியம் காக்கிறார்கள். உளப்பகுப்பாய்வில் அது இன்னும் கடுமையாக வேண்டியிருப்பதற்குக் காரணம் அந்தச் சிகிச்சையின் அடிப்படை விதியிலேயே இருக்கிறது. மனத்தில் தோன்றுவதை, அற்பமானாலும் அருவருப்பானாலும், தேர்ந்தெடுக்காமல் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அரசு இரகசியங்களை வெளியிடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்திருந்த உயர் அதிகாரி ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க முயன்று, அது கைகூடாமல் போனதை ஃபிராய்ட் 1913இல் எழுதினார். ஊரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காவலர் நுழையக் கூடாது என்று விதித்தால் ஊரிலுள்ள கள்வர் எல்லோரும் அங்கேதான் போய்ப் பதுங்குவார்கள் என்பது அவருடைய உவமை. வருபவரிடம் எதையும் ஒளிக்காதே என்று கேட்பவர், கேட்டதில் எதையும் வெளியே விடாதவராக இருந்தாக வேண்டும்.

முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை

இரகசியத்தின் எல்லைகளை முதல் சந்திப்பிலேயே, கட்டணம் பற்றிப் பேசும் அதே நேரத்தில், வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாத எளிய தமிழில் எழுதியும் கொடுங்கள். "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவது, நல்லெண்ணத்தோடு சொன்னாலும், பொய் வாக்குறுதி. இந்தியாவில் அந்த வாக்குறுதிக்குச் சில விதிவிலக்குகள் இருக்கின்றன.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 23ஆம் பிரிவில், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. அதே பிரிவு விதிவிலக்குகளையும் சொல்கிறது: அவர் நியமித்த பிரதிநிதியிடமும், சிகிச்சையின் பொருட்டு வேறு மருத்துவரிடமும், இன்னொருவருக்கு வன்முறை நேராமல் தடுக்கவும், உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுக்கவும், நீதிமன்றம் போன்ற அமைப்புகளின் ஆணைப்படியும், பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டும் தகவல் தரலாம். இதில் நாம் மறக்கக் கூடாத சொல் ஒன்று உண்டு: பிறரைக் காக்கத் தகவல் தரும்போது, அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே தர வேண்டும். சட்டத்தின் வரையறைக்குள் உளப்பகுப்பாய்வாளர் எல்லோரும் வருவார்களா என்று வாதாடுவதில் பயனில்லை. அது நமக்குக் கீழ்வரம்பாக இருக்கட்டும்.

குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிய 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதைவிட இறுக்கமானது. அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர், அல்லது நடக்கக்கூடும் என அஞ்சுபவர், எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தொழில் இரகசியம் என்ற காரணத்துக்கு அங்கே இடமில்லை. பதினாறு வயதுப் பெண் தன் மாமாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "இதை யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" என்று கேட்கும் கணத்தில் இந்தச் சட்டத்தை முதன்முதலாக அவளுக்கு விளக்குவதைப் போன்ற துரோகம் வேறில்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன். சொன்னால் அவள் பேசாமல் போய்விடலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு.

சொல்லும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளலாம். "நீங்கள் இங்கே வருவதையோ பேசுவதையோ நான் வெளியே சொல்வதில்லை. மூன்று சூழல்களில் இது மாறலாம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று நான் கருதினால், தேவையானவரிடம் தேவையான அளவு பேசுவேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்மீது நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் சட்டப்படி நான் தெரிவித்தாக வேண்டும். நீதிமன்றம் ஆணையிட்டால் அதை எதிர்த்து வாதாட முயல்வேன். வெல்வேன் என்று உறுதி சொல்ல முடியாது. என் வேலையைச் சரிபார்த்துக்கொள்ள மூத்த பகுப்பாய்வாளர் ஒருவரிடம், உங்கள் பெயரும் அடையாளமும் இல்லாமல், பேசுவேன்." கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள்.

பணம் கட்டுபவர் வேறு, வருபவர் வேறு

நம் ஊரில் இரகசியத்துக்கு வரும் சோதனை பெரும்பாலும் குடும்பத்தின் வழியாகவே வருகிறது. கல்லூரி மாணவிக்கு அப்பா பணம் கட்டுகிறார், மருமகளை மாமியாரே அழைத்து வந்து காத்திருப்பு அறையில் உட்கார்ந்துகொள்கிறார், அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "டாக்டர், ஒண்ணும் பெரிசா இல்லையே? கல்யாணம் பேசிட்டு இருக்கோம்" என்கிறார். இவர்களில் பெரும்பாலோர் உளவு பார்க்க வருபவர்கள் அல்லர், கவலையில் கேட்கிறார்கள். அவர்களை விரட்டினால் பணமும் நிற்கும், சிகிச்சையும் நிற்கும். ஆகவே தொடக்கத்திலேயே, வருபவரையும் உடன் வைத்துக்கொண்டு, பணம் கட்டுபவரிடம் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: கட்டணம், விடுமுறை, அமர்வுகள் தொடர்கின்றனவா என்பன தவிர வேறெதுவும் அவரிடம் பேசப்படாது. அம்மா பிறகு தனியாக அழைத்தால், "அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நீங்கள் அழைத்ததை அடுத்த முறை உங்கள் மகளிடம் சொல்லிவிடுவேன். அவள் இங்கே என்ன பேசுகிறாள் என்பதை மட்டும் நான் சொல்ல இயலாது" என்று சொல்லலாம். அழைப்பு வந்ததை மகளிடம் உண்மையிலேயே சொல்லிவிட வேண்டும். அதை மறைத்தால் நீங்கள் அம்மாவோடு ஓர் இரகசியத்தில் பங்காளி ஆகிவிடுவீர்கள்.

பெயர் சொல்லாமல், "என் மனைவி உங்களிடம் வருகிறாளா?" என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ஒரே பதில்தான் எப்போதும் இருக்க வேண்டும்: யார் வருகிறார், யார் வருவதில்லை என்பதை எவரிடமும் சொல்வதில்லை. அவர் மனைவி உங்களிடம் வராதபோதும் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். வராதபோது "இல்லையே" என்று இயல்பாகச் சொல்லிப் பழகியவர், வரும்போது சொல்லும் மழுப்பலிலேயே உண்மையைக் கொடுத்துவிடுகிறார்.

கல்யாண மண்டபத்தில், கோயில் வரிசையில், ஒரே தெருவின் காய்கறிக்கடையில் எதிர்ப்படுவதும் நடக்கும். முதலில் வணக்கம் சொல்லும் உரிமையை அவருக்கே விட்டுவிடுவதாக முன்பே பேசிவைத்தால், அவர் கண்டும் காணாமல் போகும்போது இருவருக்கும் புண்படாது.

அறை, கைபேசி, பணம்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருமுறை சரிசெய்தால் போதும். கதவை மூடிவிட்டு, நண்பர் ஒருவரை உள்ளே இயல்பான குரலில் பேசச் சொல்லி, வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் கனத்த திரையோ, காத்திருப்பு அறையில் ஓடும் மின்விசிறியோ, மெல்லிய இசையோ உதவும். அடுத்தடுத்து வருபவர்கள் சந்தித்துக்கொள்ளாதபடி அமர்வுகளுக்கு நடுவே கால் மணி நேரம் விடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாயிற்காவலரின் பதிவேட்டில் "எதற்காக வந்தார்" என்ற கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்று ஒருநாள் புரட்டிப் பாருங்கள்.

கைபேசியில் எவர் பெயருக்கும் பின்னால் "பேஷன்ட்" என்று சேர்த்துச் சேமிக்காதீர்கள். தொடர்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதியை நாம் கொடுத்துவிட்ட செயலிகள் ஏராளம். வாட்ஸ்அப்பை நேரம் குறிக்க மட்டும் பயன்படுத்துங்கள். யூபிஐ வழியாகப் பணம் வாங்கினால், கணக்கின் பெயரில் "மனநல மையம்" என்று இருப்பது அவர் வீட்டுக் கூட்டுக் கணக்கின் அறிக்கையில் அப்படியே அச்சாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் யாரேனும் உங்களைத் திட்டி எழுதினாலும் பதில் எழுதாதீர்கள். "உங்கள் சிகிச்சையின்போது" என்று தொடங்கும் எந்தத் தற்காப்பும் அவர் வந்ததை ஊருக்கு உறுதிப்படுத்துகிறது. இணையவழி அமர்வென்றால் அவர் எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்று கேளுங்கள். ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டில், மொட்டை மாடியோ நிறுத்திய காரோதான் பலருக்கு ஆலோசனை அறை. யாரேனும் உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை இருவரும் முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு

1912இல் மருத்துவர்களுக்கு எழுதிய பரிந்துரைகளில் ஃபிராய்ட், அமர்வின்போது முழுக் குறிப்பு எடுப்பதை ஏற்கவில்லை. எழுதும் கை எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கவலை. தேதிகள், கனவின் வாசகம், குறிப்பிடத்தக்க சில நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு விலக்களித்து, மற்றவற்றை மாலையில் வேலை முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினார். கவனம் குறித்துச் சொன்ன அந்த அறிவுரை இரகசியத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. எழுதாதது திருடுபோவதில்லை.

ஆயினும் ஒன்றுமே எழுதாமல் இருக்க முடியாது. இரண்டு தனிப் பதிவுகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வந்த நாள், கட்டணம், மருந்து எடுத்துக்கொள்கிறாரா, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டீர்களா, என்ன முடிவு செய்தீர்கள், யாரிடம் அனுப்பினீர்கள் என்பன மட்டும் இருக்கட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தன் அடிப்படை மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைச் சிகிச்சை பெறுபவருக்குத் தருகிறது; அவர் கேட்டால் தயங்காமல் கொடுக்கக்கூடியதாக இந்தப் பதிவு இருக்க வேண்டும். இரண்டாவது, அமர்வில் நடந்ததையும் உங்களுக்குள் எழுந்ததையும் மூத்த பகுப்பாய்வாளரின் மேற்பார்வைக்காக எழுதிவைக்கும் குறிப்பு. அதில் பெயர் கூடாது. முதலெழுத்தும் கூடாது, ஏனென்றால் தமிழ்ப் பெயரின் முன்னெழுத்தோடு ஊரும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஓர் எண் போதும்; எண்ணுக்குரியவர் யார் என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில் மருத்துவத் தகவலின் இரகசியம் காக்கும் ஹிப்பா விதிகள் இத்தகைய குறிப்புக்குத் தனிப் பாதுகாப்பு தருகின்றன. நமக்கு அப்படியொன்று இல்லையாதலால், ஒருநாள் வேறொருவர் இதை உரக்கப் படிக்கக்கூடும் என்று எண்ணியே எழுத வேண்டும்.

இது மிகையான அச்சமன்று. 1971 செப்டம்பரில், வியட்நாம் போர் பற்றிய இரகசிய அரசு அறிக்கையான பென்டகன் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கைப் பற்றி ஏதேனும் கிடைக்குமா என்று தேடி, வெள்ளை மாளிகைக்காக வேலை செய்த குழு ஒன்று பெவர்லி ஹில்ஸில் இருந்த அவருடைய பகுப்பாய்வாளர் லூயிஸ் ஃபீல்டிங்கின் அலுவலகத்தை உடைத்து நுழைந்தது. அன்று ஓர் அலமாரியை உடைக்க ஆள்கள் நேரில் போக வேண்டியிருந்தது. பின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து முன்பே திருடப்பட்டிருந்த சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, 2020 அக்டோபரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அந்தரங்கம் பிணையாக்கப்பட்டது. பணம் கொடுக்காவிட்டால் வெளியிடுவோம் என்று சிகிச்சை பெற்றவர்களுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின. ஆகவே இரண்டாவது குறிப்பை இணைய இணைப்பில்லாத நோட்டில், பூட்டிய பெட்டியில் வைப்பது இன்றும் நல்ல வழி. குரல் பதிவையும், பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை காலம் வைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் பதிவைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் காக்கச் சொல்கின்றன; மற்றவர்களும் முதல் பதிவுக்கு அதைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். இரண்டாவது குறிப்பு வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியது. ஃபிராய்ட் தாம் எழுதிய சிகிச்சை வரலாறுகள் அச்சானதும் மூலக் குறிப்புகளை அழித்துவிடும் வழக்கமுடையவர். 1909இல் வெளியான, "எலி மனிதர்" என்று அழைக்கப்படும் நோயாளியுடைய வரலாற்றின் குறிப்புகள் மட்டும் அவருடைய காகிதங்களிடையே தப்பிக் கிடந்து, இன்று எவரும் வாசிக்கும்படி அச்சில் இருக்கின்றன. நீதிமன்ற அழைப்பு வந்துவிட்ட பிறகோ ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது.

நாமே கசியவிடும் இடம்

பூட்டும் கடவுச்சொல்லும் எளிதில் அமைந்துவிடும். கடினமானது நம் வாய். நாள் முழுதும் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்புபவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற தவிப்பு இருப்பது இயல்பு; அது இல்லை என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. "இன்னைக்கு ஒரு கேஸ் வந்தது, பேரெல்லாம் வேண்டாம்" என்று இரவு உணவின்போது தொடங்கும் பேச்சில் பெயரைத் தவிர எல்லாமே இருக்கும். தொழில்முறை வாட்ஸ்அப் குழுவில் "32 வயது, ஐ.டி., மதுரை, இரண்டாம் திருமணம், யாரிடம் அனுப்பலாம்?" என்று கேட்கும் செய்தியை இருநூறு பேர் படிக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் அவருடைய அத்தை மகனாக இருக்கலாம். அனுப்ப வேண்டியது "மதுரையில் மாலை நேரம் உள்ள பகுப்பாய்வாளர் யார்?" என்ற கேள்வி மட்டும்.

இந்தத் தவிப்புக்கு முறையான வடிகால்கள் இரண்டு உள்ளன: மேற்பார்வையும், பகுப்பாய்வாளர் தாமே இன்னொரு பகுப்பாய்வாளரிடம் சென்று மேற்கொள்ளும் பகுப்பாய்வும். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களிடம் வருபவர்கள் புழங்கும் வட்டத்திலிருந்து விலகியவரைத் தேடுங்கள். அதற்காக வேறு நகரத்தவரிடம் இணையவழியில் பேச நேர்ந்தாலும் நல்லதே. யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை அவர் ஊகித்துவிட்டால், அதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று அவரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எவரைப் பற்றிப் பேசும் ஆசை உங்களுக்கு அளவுக்கு மீறி எழுகிறதோ, அவரோடு நடக்கும் வேலையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றும் கொள்ளலாம். அதையே மேற்பார்வையில் கேள்வியாக வையுங்கள்.

எழுதும்போது

ஒருவரின் சிகிச்சையைக் கட்டுரையாக எழுதாமல் இந்தத் துறை வளர்ந்திருக்க முடியாது. எழுதியவர்கள் காயப்படுத்தாமலும் இருந்ததில்லை. "டோரா" என்ற பெண்ணின் சிகிச்சை 1900 டிசம்பர் கடைசியில் முறிந்தது. ஃபிராய்ட் நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, நிகழிடம் வியன்னா அன்று என்று சொல்லி, மருத்துவர்கள் மட்டும் படிக்கும் இதழில் 1905இல் வெளியிட்டார். இவ்வளவு செய்தும், அவர் இடா பாவர் என்பதும், அவருடைய அண்ணன் ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ பாவர் என்பதும் இன்று மாணவர்களுக்குக்கூடத் தெரியும்.

அடையாளத்தை மறைப்பதில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? 1895இல் வெளியான கத்தரினா வரலாற்றில் ஃபிராய்ட், அவளைத் தொந்தரவு செய்தவர் "மாமா" என்று எழுதியிருந்தார். 1924இல் சேர்த்த அடிக்குறிப்பில், அது உண்மையில் அவளுடைய தந்தை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மலையை இன்னொரு மலையாக மாற்றுவதைப் போன்ற எளிய மாற்றமன்று இது, தவிர்த்திருக்க வேண்டியது என்றார். தமிழில் எழுதுவோர்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நம் உறவுமுறையில் சித்தப்பா அப்பாவின் இடத்தில் இருப்பவர். தாய்மாமனோ மணமுறையில் இருப்பவர். சித்தப்பாவைத் தாய்மாமன் ஆக்கினால் ஆசையின் வரைபடமும் தடையின் வரைபடமும் தலைகீழாகிவிடும். வாசகர் வேறொரு நோயைப் படிப்பார். தொழிலையும் வயதையும் ஊரையும் மாற்றுங்கள், உறவை மாற்றாதீர்கள். உறவைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும் என்றால் அந்த வரலாற்றை எழுதாமல் விடுங்கள். ஊரின் பெயரை மாற்றிவிட்டு அந்த ஊர்த் தேர்த் திருவிழாவையும் சாதிப் பட்டத்தையும் அப்படியே விடுவது மாற்றமே ஆகாது.

அவரிடமே ஒப்புதல் கேட்கலாமே என்பது நேர்மையான கேள்வி. ஆனால் சிகிச்சையின் நடுவே கேட்கும் ஒப்புதலில், தந்தையிடமோ தாயிடமோ கொண்டிருந்த உணர்ச்சிகளை நம்மீது ஏற்றிப் பார்க்கும் டிரான்ஸ்ஃபரன்ஸ் முழுமையாக வேலை செய்கிறது. நம்மை மகிழ்விக்கச் "சரி" என்பார். நியூயார்க்கில் 1977இல் தீர்ப்பான ஒரு வழக்கில், தம்மிடம் சிகிச்சை பெற்றவரின் பேச்சை ஏறத்தாழ அப்படியே நூலாக்கிய மனநல மருத்துவர், சிகிச்சையின்போதே வாய்மொழி ஒப்புதல் கிடைத்தது என்று வாதிட்டார். நீதிமன்றம் அதை ஒப்புதலாக ஏற்கவில்லை. கேட்பதானால் சிகிச்சை முடிந்து காலம் கடந்தபின், எழுத்தின் முழு வடிவத்தையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

நீதிமன்ற அழைப்பு வந்தால்

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும், கணவன் மனைவி தமக்குள் பேசிக்கொண்டதற்கும் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் தொடர்கிறது. சிகிச்சையாளருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் அந்தப் பாதுகாப்பை ஏற்றது. ஆன் ஹேமன் என்ற இங்கிலாந்துப் பகுப்பாய்வாளர் சாட்சிக் கூண்டில் வாய் திறக்க மறுத்து, நீதிபதி அதை ஏற்றுக்கொண்ட அனுபவத்தை 1965இல் லான்செட் மருத்துவ இதழில் பெயரில்லாமல் எழுதினார். கலிபோர்னியாவின் மனநல மருத்துவர் ஜோசப் லிஃப்ஷுட்ஸ் அதேபோல் மறுத்துச் சிறை சென்றார். 1970இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

விவாகரத்து வழக்கிலும் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கிலும்தான் நமக்கு அழைப்பு வர வாய்ப்பு மிகுதி. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடிதம் நீதிமன்ற ஆணை அன்று. காவலரின் தொலைபேசி அழைப்பும் அன்று. எதையும் எழுத்தில் கேளுங்கள், அன்றே உங்களுக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள், வருபவரிடம் தெரிவியுங்கள். ஆணை வந்தால், மூடிய அறையில் விசாரிக்கவும் கேள்விகளைக் குறுக்கவும் வழக்கறிஞர் மூலம் மனுச் செய்யலாம். கடைசியில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் விளக்கங்களை அங்கே வைக்காதீர்கள்.

நாம் இல்லாத நாள்

கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1974இல் இறந்தார். அவருடைய மனநல மருத்துவர் மார்ட்டின் ஓர்ன், சிகிச்சை அமர்வுகளின் ஒலிநாடாக்களை வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் கொடுக்க, 1991இல் நூல் வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. மகள் இசைந்திருந்தார், கவிஞரைக் கேட்க வழியில்லை. இறந்தவரின் பேச்சைக் குடும்பத்தார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று இன்றே எழுதிவையுங்கள்.

சிகிச்சையாளர் முந்திக்கொள்வதும் உண்டு. மாரடைப்போ விபத்தோ நேர்ந்தால், பெட்டியைத் திறந்து நோட்டுகளைப் புரட்டுபவர் பெரும்பாலும் மனைவியோ மகனோதான். அதற்கு முன்பே சக பகுப்பாய்வாளர் ஒருவரின் சம்மதத்தைப் பெற்று, வருபவர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், எந்த நோட்டைப் படிக்காமல் எரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அவரிடம் கொடுத்துவையுங்கள். வீட்டாருக்கு அந்தச் சகாவின் பெயரும் எண்ணும் மட்டும் தெரிந்தால் போதும்.